பேட்டரி எவ்ளோ நேரம் பேக்கப் தரும்? வகுத்தல் சுலபம், எதை எதால வகுக்குறதுங்குறதுதான் கஷ்டம்

அப்பாவுக்கு தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சனை இருக்கு, அதனால ராத்திரி சி-பாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியா காத்த அழுத்தி உள்ள விடுற மெஷின், மாட்டிக்கிட்டுத்தான் தூங்குவார். கரண்ட் போனா மெஷின் நின்னுடக்கூடாதுன்னு 12 வோல்ட் 40 ஏஹெச் பேட்டரி ஒண்ணும் சின்ன இன்வெர்ட்டர் ஒண்ணும் அதுக்குன்னே தனியா வச்சிருந்தேன். கணக்கும் போட்டு வச்சிருந்தேன். 12-ஐ 40-ஆல பெருக்கினா 480, மெஷின் தண்ணிய சூடு பண்ணிக்கிட்டு ஓடும்போது சராசரியா 45 வாட் எடுக்குது, 480-ஐ 45-ஆல வகுத்தா பத்தரை மணி நேரத்துக்கு மேல வருது, ராத்திரி முழுக்க தாங்கும்னு நிம்மதியா இருந்தேன். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு கரண்ட் போச்சு. விடிகாலை மூணே முக்காலுக்கு இன்வெர்ட்டர் கத்துற சத்தம் கேட்டு எழுந்து ஓடினா மெஷின் நின்னு போயிருக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, எழுப்பி உக்கார வச்சு விடியுற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம். ஆனா பத்தரை மணி நேரம்னு நான் நம்பினது ஏன் அஞ்சு மணி நேரம்கூட வரலங்குற கேள்வி அதுக்கப்புறம் என்ன விடல. பேட்டரி கெட்டுப்போச்சான்னு பாத்தா, இல்ல, அது அதோட வயசுக்கு ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்கு. தப்பு முழுக்க என் கணக்குலதான்.

முதல்ல அடிப்படைய சொல்லிடுறேன். ஏஹெச்ங்குறது ஆம்பியரையும் மணி நேரத்தையும் பெருக்கி வர்றது, நிறைய பேர் அத ஒரு மணி நேரத்துக்கு இத்தன ஆம்பியர்னு நெனைக்கிறாங்க, அது இல்ல. 40 ஏஹெச்னா 2 ஆம்பியர் எடுத்தா 20 மணி நேரம், 4 ஆம்பியர் எடுத்தா 10 மணி நேரம்னு பேப்பர்ல ஒரு கணக்கு. எம்ஏஹெச்னா அதே விஷயம்தான், ஆயிரத்துல ஒரு பங்கா அளந்தது. பேட்டரியோட எம்ஏஹெச்ச கருவி எடுக்குற மில்லி ஆம்பியரால வகுத்தா மணி நேரம் வந்துடும். மூணாம் வகுப்பு பிள்ள போட்டுடும் இந்த கணக்க.

ஆனா இதுல வோல்ட் எங்கயும் வரல பாருங்க, முதல் கோளாறு அங்கதான். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒண்ணு எடுத்துக்கங்க, போன்ல 5,000 எம்ஏஹெச் பேட்டரி, ரெண்டு தடவ ஃபுல் சார்ஜ் ஆகணும்ல, ஆகவே ஆகாது. பவர் பேங்க் உள்ள இருக்குற லித்தியம் செல் 3.7 வோல்ட், அந்த 10,000 அந்த வோல்ட்ல சொன்ன நம்பர். 10,000 எம்ஏஹெச்னா 10 ஏஹெச், அத 3.7-ஆல பெருக்கினா 37 வாட்-அவர், அதாவது உள்ள இருக்குற மொத்த சக்தி. அத உள்ள இருக்குற சர்க்யூட் 5 வோல்ட்டா ஏத்தித்தான் வெளிய விடுது, ஏத்துறதுல ஒரு 15 சதவீதம் சூடா போயிடுதுன்னு வச்சுக்கிட்டா வெளிய வர்றது 31 சொச்சம். போன் அத திரும்ப இறக்கி தன் பேட்டரில ஏத்தும்போது இன்னொரு 15 சதவீதம் போச்சுன்னா உள்ள போய் சேர்றது 27 வாட்-அவர் கிட்ட. போன் பேட்டரி 3.85 வோல்ட்ல 5,000, அதாவது 19 வாட்-அவர் சொச்சம். 27-ஐ 19-ஆல வகுங்க, ஒண்ணு புள்ளி நாலு தடவதான். வாங்குனவங்க ஏமாத்திட்டாங்கன்னு கோபப்படுறாங்க, ஆனா அச்சடிச்ச நம்பர் பொய் இல்ல, அது உள்ள இருக்குற செல்லோட நம்பர். நல்ல பவர் பேங்க்ல பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு இன்னொரு நம்பர் போட்டிருப்பாங்க, 5 வோல்ட்ல வெளிய கெடைக்கிறது அதுதான், அத பாத்து வாங்குங்க.

அதனாலதான் நான் யார் கேட்டாலும் ஏஹெச்ல கணக்கு போடாதீங்க, எல்லாத்தையும் வாட்-அவருக்கு மாத்திட்டு போடுங்கன்னு சொல்றேன். ரெண்டு 12 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரிய ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல வரிசையா இணைச்சா 24 வோல்ட் 100 ஏஹெச், பிளஸ்ஸ பிளஸ்ஸோட, மைனஸ மைனஸோட பக்கத்துல பக்கத்துல இணைச்சா 12 வோல்ட் 200 ஏஹெச், ஏஹெச்ச மட்டும் பாத்தா ஒண்ணு இன்னொண்ணுல பாதின்னு தோணும், ஆனா ரெண்டுமே 2,400 வாட்-அவர்தான். விமானத்துல கைப்பைல கொண்டுபோற பேட்டரிக்கு 100 வாட்-அவர் வரைக்கும் தனியா அனுமதி கேக்க வேண்டாம்னு விதி இருக்கே, அதுவும் வாட்-அவர்லதான். 26,800 எம்ஏஹெச்னு ஒரு வித்தியாசமான நம்பர்ல பவர் பேங்க் ஏன் விக்கிறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? 3.7-ஆல பெருக்கி பாருங்க, 99 சொச்சம் வரும்.

இப்ப அப்பா பேட்டரிக்கு வர்றேன். வாட்-அவர்லதான நானும் போட்டேன், அப்புறம் ஏன் தப்பாச்சு?

லெட் ஆசிட் பேட்டரி மேல 40 ஏஹெச்னு போட்டிருந்தா பக்கத்துல சி20 இல்ல சி10-னு ஒண்ணு இருக்கும், அத யாரும் கண்டுக்குறதில்ல. சி20-னா 20 மணி நேரம் எடுத்து மெதுவா காலி பண்ணினப்போ இவ்ளோ கெடைச்சுதுன்னு அர்த்தம். அதே பேட்டரிய அவசர அவசரமா உறிஞ்சினா அவ்ளோ கெடைக்காது. பாய்கர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1897-லயே இத அளந்து ஒரு சூத்திரமா சொல்லிட்டார். 100 ஏஹெச் பேட்டரிய எடுத்துக்கங்க, சி20 கணக்குல 5 ஆம்பியர் 20 மணி நேரம் தரும். 50 ஆம்பியர் இழுத்தா சாதா கணக்குல 2 மணி நேரம் வரணும், வேகமா எடுத்தா எவ்ளோ குறையும்னு காட்டுற பாய்கர்ட் எண்ண 1.2-ன்னு வச்சு அவரோட சூத்திரத்துல போட்டா ஒண்ணேகால் மணி நேரம்தான் வருது. 100-ல 63 ஏஹெச்தான் கைக்கு வந்துச்சு, மிச்சம் உள்ளயே நிக்குது.

உள்ளயே நிக்குதுன்னு நான் சொல்றது நெஜமாவே அப்படித்தான். பேட்டரி கரண்ட் குடுக்கும்போது தகடுல இருக்குற துளைகளுக்குள்ள ஊறியிருக்குற ஆசிட் செலவாகிக்கிட்டே வருது, வெளிய தளும்பிக்கிட்டு இருக்குற ஆசிட் அந்த துளைக்குள்ள ஊறி வந்து சேர நேரம் ஆகும். மெதுவா எடுத்தா அது வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும். வேகமா எடுத்தா துளைக்குள்ள வெறும் தண்ணி மாதிரி ஆகிப்போய் வோல்ட் சரிஞ்சிடும், இன்வெர்ட்டர் அந்த வோல்ட்ட பாத்து பேட்டரி முடிஞ்சுதுன்னு நிறுத்திடும். கால் மணி நேரம் கழிச்சு போட்டா திரும்ப உயிர் வந்து கொஞ்ச நேரம் ஓடுறத எத்தனையோ பேர் பாத்திருப்பீங்க, அது ஆசிட் துளைக்குள்ள திரும்ப ஊறினதுதான், பேட்டரி தானா சார்ஜ் ஏறினது இல்ல. லித்தியம் பேட்டரில இந்த தொல்லை ரொம்ப குறைவு, அதோட எண் ஒண்ணுக்கு பக்கத்துலயே இருக்கும்.

என் விஷயத்துல 40 ஏஹெச் பேட்டரில இருந்து 5 ஆம்பியர் போயிட்டிருந்துச்சு (அது எப்படின்னு கீழ சொல்றேன்), சி20 கணக்குக்கு 2 ஆம்பியர்தான் போகணும், அதனால 480-ல ஒரு 13 சதவீதம் அங்கயே போச்சு. பேட்டரிக்கு மூணு வயசு ஆகப்போகுது, புதுசுல இருந்த கெபாசிட்டில 70 சதவீதம்தான் இருந்துச்சுன்னு பின்னாடி டெஸ்ட் பண்ணி தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டையும் சேத்தா 480 வெறும் 292 ஆயிடுச்சு.

இது ஒரு பக்கம். வகுக்குற நம்பரும் தப்பு. மெஷின் 45 வாட்தான் எடுக்குது, ஆனா பேட்டரில இருந்து போனது 45 இல்ல. நடுவுல இன்வெர்ட்டர் 12 வோல்ட் டிசிய ஏசியா மாத்துறதுல 15 சதவீதம் சாப்பிடுது, அப்போ 53. அது போக இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 8 வாட் எடுக்குது, அத லோடே இல்லாம மீட்டர் வச்சு பாத்தப்போ எனக்கே அதிர்ச்சியா இருந்துச்சு, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாம ஆன் பண்ணி வச்சா 192 வாட்-அவர் அதுவே குடிச்சிடும். ஆக மொத்தம் 61 வாட். 292-ஐ 61-ஆல வகுத்தா நாலே முக்கால் மணி நேரம். 11 மணில இருந்து மூணே முக்கால் வரைக்கும் எத்தன மணி நேரம்னு எண்ணி பாத்துக்கங்க.

இதுல ரொம்ப முக்கியமானது அடுத்து வர்றது. அந்த 45 வாட்ல முக்கால்வாசி மெஷினோட காத்தடிக்கிற மோட்டாருக்கு போகல, காத்த ஈரப்படுத்துற தண்ணிய சூடு பண்ற ஹீட்டருக்கு போச்சு. ஹீட்டர நிறுத்திட்டு அளந்தா 12 வாட். இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேத்து 22 வாட், அதே வயசான பேட்டரியே 13 மணி நேரத்துக்கு மேல ஓட்டும். இன்வெர்ட்டரே வேண்டாம், மெஷினுக்குன்னு விக்கிற டிசி கேபிள்ல பேட்டரில இருந்து நேரா குடுத்தா 20 மணி நேரத்த தாண்டும். புது பேட்டரிக்கு காசு சேத்துக்கிட்டு இருந்தேன் நான், ஒரு பட்டன அமுக்கி ஹீட்டர ஆஃப் பண்றதுல முடிஞ்சு போற விஷயம் அது. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணினேன், உங்க வீட்ல யாராவது இந்த மாதிரி மெஷின்ல இருந்தா நீங்களும் கேட்டுட்டே பண்ணுங்க, சிலருக்கு ஈரக்காத்து இல்லாம முடியாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மாதிரி மெஷின்னா கதையே வேற, வீட்ல வைக்கிற அஞ்சு லிட்டர் மெஷின் 300 வாட் பக்கம் இழுக்கும், சின்ன பேட்டரிய நம்பி இருக்கவே கூடாது.

அடாப்டர் மேல போட்டிருக்குற வாட்ட வச்சு கணக்கு போடலாமான்னு கேப்பாங்க. அது அதிகபட்சம் இவ்ளோ குடுக்க முடியும்னு சொல்ற நம்பர், கருவி எப்பவும் எடுக்குற நம்பர் இல்ல. 65 வாட் சார்ஜர் வச்ச லேப்டாப் டைப் அடிக்கிறப்போ 8 வாட்லயும் ஓடும், வீடியோ எடிட் பண்ணினா 40-ஐயும் தாண்டும். 50 வாட்-அவர் பேட்டரிக்கு முதல்ல சொன்னது ஆறு மணி நேரம், ரெண்டாவது ஒண்ணேகால் மணி நேரம். மூலைல இன்னும் 4 மணி நேரம் இருக்குன்னு காட்டி அஞ்சு நிமிஷத்துல 2 மணி நேரம்னு மாறுறதும் இதனாலதான், மிச்சம் இருக்குறத கடைசி சில நிமிஷத்து சராசரியால வகுத்து காட்டுது, நீங்க அடுத்து என்ன திறக்கப்போறீங்கன்னு அதுக்கு எப்படி தெரியும்?

சின்ன கருவிகள்ல இந்த வகுக்குற நம்பரோட ஆட்டம் இன்னும் பெருசு. ஒரு தோட்டத்து சென்சார் செய்றீங்கன்னு வைங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ முழிச்சு, மண்ணோட ஈரத்த அளந்து, வைஃபைல அனுப்பிட்டு திரும்ப தூங்கிடும். முழிச்சிருக்குறது 5 செகண்ட், அப்போ 80 மில்லி ஆம்பியர். தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர், அதாவது 0.01 மில்லி ஆம்பியர். 600 செகண்ட்ல 5 செகண்ட் 80-னா சராசரி 0.67, தூக்கத்தோடது 0.01, மொத்தம் 0.68 மில்லி ஆம்பியர். 2,000 எம்ஏஹெச் பேட்டரி போட்டா 2,900 மணி நேரத்துக்கு மேல, நாலு மாசம் வரும். சந்தோஷமா போர்டு வாங்கி மாட்டுறீங்க, ரெண்டே வாரத்துல செத்துப்போகுது.

ஏன்னு மல்டிமீட்டர வரிசைல மாட்டி பாருங்க. சிப் தூங்குது, போர்டு தூங்கல. வோல்ட்ட இறக்கித் தர்ற ரெகுலேட்டர், ஏஎம்எஸ்1117-னு மலிவு போர்டுகள்ல நிறைய இருக்கும், அது மட்டுமே வெட்டியா 5 மில்லி ஆம்பியர் பக்கம் எடுக்கும். அந்த 5-ஐ சேத்தா சராசரி 5.67, 2,000-ஐ வகுத்தா 350 மணி நேரம், பதினஞ்சு நாள் கூட முழுசா வரல. பக்கத்துல சிவப்பா எரிஞ்சுக்கிட்டு இருக்குற பவர் எல்ஈடி இன்னும் ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியர் சேக்கும். 80 மில்லி ஆம்பியர குறைக்கணும்னு எல்லாரும் கோடிங்ல மண்டைய உடைக்கிறாங்க, 99 சதவீத நேரம் ஓடிக்கிட்டு இருக்குற அந்த சின்ன ஒழுக்க யாரும் பாக்குறதில்ல. ரெகுலேட்டர மாத்தி, எல்ஈடிய கழட்டி, பத்து நிமிஷத்துக்கு பதிலா மணிக்கு ஒரு தடவ முழிக்க வச்சா சராசரி 0.12-க்கு வந்துடும், கணக்குப்படி 690 நாள். ஆனா அவ்ளோ நாள்னு வந்துட்டா பேட்டரி சும்மா இருக்கும்போதே தானா சார்ஜ் இழக்குறதையும் கணக்குல சேக்கணும். சாதா நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் சும்மா வச்சிருந்தாலே மாசத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல போயிடும், லித்தியம் அயான் மாசத்துக்கு ரெண்டு மூணு சதவீதம், வாட்ச்ல போடுற காயின் செல் வருஷத்துக்கே ஒரு சதவீதம்தான்.

சுவர் கடிகாரம் ஒரே ஒரு ஏஏ செல்லுல ரெண்டு வருஷம் கிட்ட ஓடுறதும் இதே கணக்குதான், சராசரி 0.15 மில்லி ஆம்பியர்னா 2,500 எம்ஏஹெச் ஆல்கலைன் செல்லுக்கு 16,000 மணி நேரத்துக்கு மேல வருது. இதவிட ஆச்சரியம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து கிளாரண்டன் ஆய்வகத்துல இருக்குற ஒரு எலக்ட்ரிக் பெல். ரெண்டு பெல்லுக்கு நடுவுல ஒரு குட்டி உலோக உருண்டை போய் போய் இடிக்கும், 1840-ல ஓட விட்டதா அதுலயே எழுதி வச்சிருக்காங்க, நடுவுல ஈரப்பதத்தால கொஞ்ச கொஞ்ச நேரம் நின்னது போக இன்னமும் அதே பழைய பேட்டரில அடிச்சுக்கிட்டு இருக்கு. அது எடுக்குறது நானோ ஆம்பியர் அளவு. பேட்டரி பெருசுங்குறதால இல்ல, வகுக்குற நம்பர் அவ்ளோ சின்னதுங்குறதாலதான் அது ஓடுது.

இன்னொண்ணு விட்டுப்போச்சு, கருவி எந்த வோல்ட்ல நிக்கும்ங்குறது. ஆல்கலைன் செல் 1.5-ல ஆரம்பிச்சு சரிஞ்சுக்கிட்டே வரும், கம்பெனி சொல்ற 2,500 எம்ஏஹெச் 0.8 வோல்ட் வரைக்கும் உறிஞ்சி எடுத்தா கெடைக்கிறது, அதுவும் மெதுவா எடுத்தா. உங்க கருவி செல்லுக்கு 1.2 வோல்ட் ஆனதுமே மூச்ச விட்டுடுச்சுன்னா உள்ள நிறைய மிச்சம் இருக்கும். கேமரால செத்த செல்ல எடுத்து கடிகாரத்துல போட்டா மாசக்கணக்குல ஓடுறது அதான். காயின் செல்லும் அப்படித்தான், சிஆர்2032-ல 220 எம்ஏஹெச் சொச்சம் இருக்கு, ஆனா அது மில்லி ஆம்பியர்ல ஒரு பின்னம் எடுத்தா வர்ற நம்பர். புளூடூத் அனுப்புற நேரத்துல 10, 15 மில்லி ஆம்பியர் சடார்னு இழுத்தா உள் ரெசிஸ்டன்ஸால வோல்ட் தொபுக்குன்னு விழுந்து சிப் ரீசெட் ஆகிடும், செல்லுல பாதி இருக்கும்போதே. பக்கத்துல ஒரு கெபாசிட்டர், அதாவது கொஞ்சம் மின்சாரத்த சேத்து வச்சு டக்குன்னு குடுக்குற பாகம், போட்டா அந்த கண நேர இழுப்ப அது தாங்கிக்கும்.

குளிர்லயும் இதேதான், லெட் ஆசிட் பேட்டரி உறைநிலைக்கு கிட்ட போனா ஒரு அஞ்சுல ஒரு பங்கு காணாம போகும், வெயில்ல அப்போதைக்கு நல்லாத்தான் குடுக்கும், ஆனா ஆயுசு குறையும், 10 டிகிரி கூடினா ஆயுசு பாதின்னு தோராயமா சொல்லுவாங்க.

இவ்ளோத்தையும் பேப்பர்ல போட்டுக்கிட்டு இருக்க முடியாதுன்னா அளந்துடுங்க, அதுதான் நான் நம்புறது. ஏசில ஓடுற கருவின்னா பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல மாட்டுற வாட் மீட்டர் இருக்கு, ராத்திரி முழுக்க விட்டு காலைல மொத்த வாட்-அவர பாத்து மணி நேரத்தால வகுத்தா உண்மையான சராசரி கெடைச்சிடும். யூஎஸ்பிக்கும் அதே மாதிரி குட்டி மீட்டர் கெடைக்குது. ஒரே ஒரு நிமிஷம் பாத்து எழுதிடாதீங்க, ஹீட்டர், கம்ப்ரசர் மாதிரி விட்டு விட்டு ஓடுற சமாச்சாரம் இருந்தா அந்த நிமிஷம் ஏமாத்திடும். அளக்க வழியே இல்ல, இப்பவே ஒரு நம்பர் வேணும்னா, லெட் ஆசிட்ல இன்வெர்ட்டர் வழியா ஓட்டுறப்போ மேல அச்சடிச்ச வாட்-அவர்ல பாதிய மட்டும் எடுத்துக்கங்க, லித்தியம்னா நாலுல மூணு பங்கு, அத கருவியோட வாட்டால வகுங்க. நான் முதல்லயே இப்படி பண்ணியிருந்தா 240-ஐ 45-ஆல வகுத்து அஞ்சேகால் மணி நேரம்னு வந்திருக்கும், ராத்திரி முழுக்க தாங்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, பகல்ல, அப்பா முழிச்சிருக்கும்போது, பேட்டரிய ஃபுல்லா சார்ஜ் பண்ணிட்டு அதே இன்வெர்ட்டர், அதே மெஷின், ஹீட்டர் ஆஃப்ல, மாஸ்க்க என் மூஞ்சில மாட்டிக்கிட்டு ஓட விடுறேன். காத்து அழுத்தம் இல்லாம சும்மா ஓடினா வாட் மாறிடுது, அதனால யாராவது மாட்டிக்கணும், நானும் தம்பியும் மாறி மாறி மாட்டிக்குவோம். எத்தன மணிக்கு ஆரம்பிச்சோம், எத்தன மணிக்கு கத்துச்சுன்னு ஒரு வெள்ளை டேப்ல எழுதி பேட்டரி மேலயே ஒட்டிடுவேன், முடிஞ்ச கையோட உடனே சார்ஜ்ல போட்டுடணும், காலியா விட்டா லெட் ஆசிட் தகடு கெட்டுடும். போன தடவ 13 மணி 20 நிமிஷம், இந்த தடவ 12 மணி 5 நிமிஷம். டேப்ப பாத்துட்டு அப்பா, "எட்டு மணி நேரத்துக்கு கீழ போனா மாத்திடுவோம்டா"ன்னார், நான் பத்துலயே மாத்திடுறேன்பான்னு சொல்லிட்டேன்.